கல்லாவில் உட்காரும் முன்

திருநெல்வேலியில் அல்வாக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்த தாத்தா சொல்வது:

1. முதலில் அடுப்படி, பிறகுதான் கல்லா. துடுப்புப் பிடிக்கத் தெரியாத முதலாளி, சரக்கு மாஸ்டர் லீவு போட்டால் கடைக்கும் லீவு விட வேண்டியதுதான்.

2. அளவை நோட்டில் எழுதுங்கள், பதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அடுப்பேற்றுகிறோம். இதுவரை நோட்டில் வரும். ஊற்றிய நெய்யை எல்லாம் குடித்துக்கொண்டே வரும் அல்வா, ஒரு கட்டத்தில் அதை ஓரத்தில் கக்கும். துடுப்பைத் தூக்கினால் சுருண்டு விழும், விரலில் எடுத்தால் ஒட்டாது. அந்த நேரம் கோதுமைக்கும் தீக்கும் தக்கபடி மாறும். கடிகாரத்தை நம்பி இறக்காதீர்கள்.

3. பாகு காயும்போது செல்போனைத் தொடாதீர்கள். லட்டுக்கு ஒரு கம்பிப் பதம். கடலை மிட்டாய்க்கு, தண்ணீரில் விட்ட வெல்லப்பாகைக் கிண்ணத்தில் தட்டினால் 'டங்'கென்று சத்தம் வரவேண்டும். கண் அசந்தால் பதம் தாண்டிவிடும்.

4. நெய்யில் கை வைக்காதீர்கள். நெய் விலை ஏறினால் சரக்கு விலையை ஏற்றுங்கள். விலை கூடினால் வாடிக்கையாளர் ஒரு வாரம் முணுமுணுப்பார். வனஸ்பதி கலந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

5. நேற்றைய பால்கோவாவை இன்றைய தட்டில் கலக்காதீர்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிடலாம் என்று தட்டில் எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபரிலிருந்து சட்டம். மிக்சர், சேவு பொரிக்கும் எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. எண்ணெய் காயக் காய அதில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் அடுப்பேறக்கூடாது. ஆபீசர் வருவார் என்பதற்காகச் செய்யாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையும் அதைத்தானே தின்கிறது!

6. தீபாவளிக்குக் கை கொள்கிற ஆர்டரை மட்டும் எடுங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை, சாயங்காலம் திறந்து சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுகிறது. "தீர்ந்துபோச்சு அண்ணாச்சி, நாளைக்கு வாங்க" என்று சொல்வதில் கேவலம் எதுவும் இல்லை.

7. வாணலிப் பக்கம் நிற்பவருக்கு மோரும், மாற்றி நிற்க ஆளும் கொடுங்கள். சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுங்கள். அவர் கைப்பக்குவத்தைத்தான் நம் பெயரில் விற்கிறோம்.

8. பங்கு பிரிப்பதை எல்லோரும் சிரித்துப் பேசும் காலத்திலேயே எழுதி வையுங்கள். கட்டடத்தைப் பிரிக்கலாம், பாத்திரத்தைப் பிரிக்கலாம். கடைப் பெயரில்தான் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து, 10 வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். பெண் பிள்ளைகளின் பங்கையும் அதே பத்திரத்தில் எழுதுங்கள்.

9. பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். மருமகளுக்குக் கை வந்தால் அவளிடம் கொடுங்கள், மாஸ்டர் மகனுக்கு வந்தால் அவனைப் பங்காளியாகச் சேருங்கள். வாங்கித் தின்கிறவர் நம் வம்சத்தைக் கேட்பதில்லை. போன தடவை தின்ற ருசி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.