தாத்தாப் பூவும் ஞாபகசக்தி மாத்திரையும்

எங்கள் மணவாள நகரில் ரயில் பாதையோரத்திலும் காலி மனைகளிலும் ஒரு சிறு செடி தானாக முளைத்துக் கிடக்கும். நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நிற நடுப்பகுதி கொண்ட சிறு பூ. காம்பை வளைத்துப் பூவின் 'தலையை'ச் சுண்டிவிட்டு நீங்களும் விளையாடியிருப்பீர்கள். அதுதான் தாத்தாப் பூ. வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள். தாவரவியலார் இதை டிரைடாக்ஸ் புரோகம்பன்ஸ் என்பர்.

பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவன் ஒருநாள் என்னிடம் வந்தான். "சார், இந்தச் செடியில் இருக்கும் ஒரு பொருளை ஞாபகசக்தி மாத்திரையாக இணையத்தில் விற்கிறார்கள். பரீட்சைக்கு முன் சாப்பிடலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பொருள் எது?

அதன் பெயர் 7,8-டைஹைட்ராக்சிஃபிளேவோன். பூக்களுக்கும் பழங்களுக்கும் நிறம் தரும் ஃபிளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் ஒரு மூலக்கூறில் 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடையை நீங்களே கணக்கிடலாம்: 180 + 10 + 64 = 254.

மூளையில் என்ன வேலை?

நம் மூளையில் பி.டி.என்.எஃப். என்ற புரதம் சுரக்கிறது. இதை 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் பார்ட், தோனென் முதலியோர். நரம்புச் செல்கள் பிழைத்திருக்கவும், அவற்றிடையே இணைப்புகள் வலுப்படவும் இது உதவுகிறது. பாடம் மனத்தில் பதிவது இந்த இணைப்புகளால்தான்.

நரம்புச் செல்லின் மேற்பரப்பில் டிராக்-பி என்னும் ஏற்பிகள் உள்ளன. பி.டி.என்.எஃப். ஒரே மாதிரியான இரு பகுதிகள் சேர்ந்த இரட்டைப் புரதம். அது இரண்டு ஏற்பிகளை இரு கைகளால் பிடிப்பது போலப் பிடித்து இணைக்கிறது. இணைந்ததும் செல்லுக்குள் செய்தி செல்கிறது.

அப்படியானால் இப்புரதத்தையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? அதன் மூலக்கூறு எடை சுமார் 27,000. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது அதற்குக் கடினம். இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்தும் விடும். எனவே அதன் வேலையைச் செய்யக்கூடிய சிறிய மூலக்கூறைத் தேடினார்கள். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகக் குழு ஒன்று, 7,8-டைஹைட்ராக்சிஃபிளேவோன் டிராக்-பியைத் தூண்டுவதாக 2010-இல் அறிவித்தது. அதே ஆண்டில், அதன் ஒரு ஹைட்ரஜனை நீக்கி டைமீத்தைல் அமினோ தொகுதியைச் சேர்த்துச் செய்த பொருள் இன்னும் வலிமையானது என்றும் கூறியது. சுண்டெலிகளிடம் நற்பலன்கள் தெரிந்தன. செய்தி பரவியது, வியாபாரமும் தொடங்கியது.

மறுபக்கம்

நூறில் ஒரு பங்கு எடையுள்ள மூலக்கூறு, அந்தப் பெரிய புரதத்தின் வேலையைச் செய்யுமா? இக்கேள்வியை விவாதத்தால் தீர்க்க முடியாது. சோதனைதான் தீர்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்வேறு அளவீட்டு முறைகளால் இப்பொருளையும் இது போன்ற வேறு சிலவற்றையும் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். பி.டி.என்.எஃப். ஏற்பியைத் தூண்டியது, சிறு மூலக்கூறுகள் எவையும் தூண்டவில்லை!

எலிகளிடம் கண்ட பலன்கள் பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வேறு வழியிலும் அவை ஏற்பட்டிருக்கலாம். ஆனால், இப்பொருள் மனிதரின் நினைவாற்றலைக் கூட்டும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. நீண்ட நாள் உட்கொண்டால் தீங்கில்லை என்பதும் நிறுவப்படவில்லை. வளரும் மூளையில் இத்தகைய பொருளைச் சோதித்துப் பார்ப்பது விளையாட்டன்று. செடியை அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். இலையில் இருப்பது இந்த ஒரு பொருள் மட்டுமல்ல.

செலவில்லாத வழி

2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்கள் பங்கேற்றனர். ஓராண்டு ஒழுங்காக வேக நடை பழகியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. அது அதிகம் பெருத்தவர்களின் இரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவும் கூடியிருந்தது.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, மாத்திரைக்கு வைத்த பணத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடு. மாலையில் மைதானத்துக்குப் போ. இரவில் நன்றாகத் தூங்கு. வழியில் தாத்தாப் பூவைக் கண்டால் தலையைச் சுண்டி விளையாடு, அது போதும்."

செய்து பாருங்கள்: மேலே சொன்ன மாற்றுப்பொருளின் மூலக்கூறு எடை என்ன? டைமீத்தைல் அமினோ தொகுதியில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. (விடை: 297)