நினைவின் படிகள்

அன்புள்ள மகளுக்கு,

தலையில் அடிபட்டு வந்த ஒருவரைப் பற்றி ‘அரை மயக்கம்’ என்று நீ குறிப்பேட்டில் எழுதியதையும், விடியற்காலையில் பணிக்கு வந்த மூத்த நர்ஸ், ‘நேற்றிரவைவிடத் தெளிந்திருக்கிறாரா, மங்கியிருக்கிறாரா?’ என்று வினவியபோது அச்சொல்லைக் கொண்டு பதில் கூற இயலாமல் திகைத்ததையும் உன் கடிதத்தில் படித்தேன்.

அத்திகைப்பு புதிதன்று. ஒருவர் அரை மயக்கம் என்பதை மற்றொருவர் ஆழ்ந்த மயக்கமாகக் கொள்ளும் குழப்பத்தைத் தீர்க்கவே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நரம்பு அறுவை நிபுணர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் 1974-ஆம் ஆண்டு ‘லான்செட்’ பத்திரிகையில் ஓர் அளவையை வெளியிட்டனர். நோயாளியின் அந்தரங்கத்தை ஊகிக்காமல், கண்ணுக்கும் காதுக்கும் பிரத்தியட்சமானதை மட்டும் பதியச் செய்ததே அதன் விசேஷம்.

இன்று வழங்கும் முறையில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அங்க அசைவுக்கு 6 என உயர்ந்த அளவு 15. யாதொரு சலனமும் இல்லாதவருக்கும் ஒவ்வொன்றிலும் 1 உண்டாதலால் குறைந்த அளவு 3. 8-ம் அதற்குக் கீழும் கடுமையான பாதிப்பின் அடையாளம். முதலில் சற்று நின்று கவனி. பிறகு அழைத்துப் பார். அதற்கும் கண் திறவாவிடில் மட்டுமே விரல் நுனியை அழுத்து. அங்க அசைவில், சொன்னபடி கையைத் தூக்கினால் 6. கழுத்தோரத்தை அழுத்தும் உன் கையைத் தேடித் தன் கையை உயர்த்தினால் 5. அங்கத்தை வெடுக்கென இழுத்துக்கொண்டால் 4. இரு கைகளும் வேறுபட்டால், நன்றாக அசைவதையே கணக்கில் கொள்.

கூட்டுத்தொகையோடு நின்றுவிடாதே. தானாகக் கண் விழித்து (4), ஒரு சப்தமும் எழுப்பாமல் (1), அழுத்திய கையை இழுத்துக்கொள்பவருக்கும் (4) மொத்தம் 9. அழுத்தினாலன்றிக் கண் திறவாமல் (2), முனகி மட்டும் (2), வலிக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிறவருக்கும் (5) மொத்தம் 9. எண் ஒன்றாயினும் ஸ்திதி வேறு. சுவாசக் குழாய் இட்டவரின் பேச்சுக்கு 1 என்றும் எழுதிவிடாதே. குழாய் இருப்பதால் சோதிக்க இயலவில்லை என்று எழுது.

மாலையில் 14 ஆக இருந்தவர் நள்ளிரவில் 12 ஆனால், விடியட்டும் என்று காத்திராமல் அந்தக் கணமே வைத்தியரை அழை. தான் நலிந்து வருவதைத் தானே சொல்ல இயலாத அம்மனிதருக்காக, முன்னர் நீ கவனித்து எழுதிய அந்த மூன்று எண்கள்தாம் அப்போது சாட்சி சொல்லும்.

உன் பெரியப்பா