ஒரு வாரம் சிங்கப்பூர், அம்மாவோட: லோன் போடலாமா, ஆர்டி போடலாமா?



மார்ச் மாசம் எங்க சூரமங்கலம் ஆபீஸ்ல டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி வந்தார். வயசு 27, கையில் வரும் சம்பளம் 48,000 ரூபாய். வரி சம்பந்தமா ஏதோ கேட்கப் போறார்னு நினைச்சேன். போனை நீட்டினார். சிங்கப்பூர் டூர் பேக்கேஜ், ஆளுக்கு 95,000. அவரும் அம்மாவும் போகணும். அம்மா இதுவரை விமானம் ஏறினதே இல்லை. பக்கத்துலயே இன்னொரு ஸ்கிரீன்: ஒரு லோன் ஆப், 2 லட்சம், 16% வட்டி, 24 மாசம். "ஒரே கிளிக்ல வந்துடும் அண்ணா, போடட்டுமா?"

போடாதீங்கன்னு சொல்றது சுலபம். ஏன்னு எண்ணுல காட்டணும்.

2 லட்சத்துக்கு 16% வட்டியில் 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 9,793 ரூபாய். மொத்தம் கட்டுவது 2,35,000க்குக் கொஞ்சம் மேல. அதாவது வட்டி மட்டும் 35,000. சரி, அதே மாதிரி மாசம் 9,800 ரூபாயை ஒரு ஆர்டியில் போட்டா? 6.5% வட்டின்னு வச்சுக்கிட்டா 18 மாசத்துல சுமார் 1,85,000 சேருது. நான் அவருக்குப் போட்டுக் கொடுத்த பயண பட்ஜெட்டும் கிட்டத்தட்ட அதே தொகைதான். லோன்ல போனா 24 மாசம் கட்டணும், சேர்த்து வச்சுப் போனா 18 மாசம். ஆறு இஎம்ஐ, கிட்டத்தட்ட 59,000 ரூபாய் வித்தியாசம். அதுவும் லோன்ல இருக்கும்போது வேலை போனா இஎம்ஐ நிக்காது. ஆர்டியில் இருக்கும்போது வேலை போனா, பயணம் மட்டும்தான் நிக்கும்.

இதை எல்லாம் கேட்டுட்டு அவர் ஒண்ணு சொன்னார். "அம்மாவுக்கு 58 ஆச்சு அண்ணா, மூட்டு வலி இருக்கு. ஒன்றரை வருஷம் கழிச்சு நடக்க முடியுமான்னு தெரியலை."

நியாயமான கேள்வி. காத்திருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு, அதை எந்த கால்குலேட்டரும் காட்டாது. அதனால ஒன்றரை வருஷத்தை ஒரு வருஷமா குறைக்க முடியுமான்னு பார்த்தோம்.

முதல் பட்ஜெட்

சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய்னு வச்சோம். அன்னிக்கு ரேட் அதைவிடக் குறைவுதான். ஆனா பட்ஜெட் போடும்போது ரேட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறது என் பழக்கம். இரண்டு பேர், ஆறு இரவு. திருச்சியிலிருந்து போய்வர பட்ஜெட் விமானம் ஆளுக்கு 22,000 வீதம் 44,000. லிட்டில் இந்தியா பக்கம் சின்ன ஓட்டல் ரூம், இரவுக்கு 110 டாலர்: 46,200. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 22 டாலர்: 21,560. ரயில், பஸ்: 5,880. நுழைவுக் கட்டணங்கள்: 21,000. விசா 6,000, இன்சூரன்ஸ் 2,500, சேலம் டு திருச்சி போக்குவரத்து 5,000, ஷாப்பிங் 15,000. கூட்டினா 1,67,140. மேல 10% எதிர்பாராத செலவுக்கு. 1,84,000.

இப்போ ஒரு வருஷம் மட்டும் ஆர்டி போட்டா சுமார் 1,21,700 கிடைக்கும். தீபாவளி போனஸ் அவருக்கு வழக்கமா 40,000 வரும். ரெண்டும் சேர்ந்து 1,61,700. இன்னும் 22,000 குறையுது. "எஃப்டியில் 60,000 இருக்கே அண்ணா"ன்னார். அது அவசர கால நிதி. அவருடைய சம்பளத்துக்கு அதுவே பத்தாது, அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்.

வெட்ட வேண்டியது ஷாப்பிங்கும் நுழைவுக் கட்டணமும்தான். ஷாப்பிங் 5,000, கட்டணம் 12,000. இப்போ எதிர்பாராத செலவு நீங்கலா மொத்தம் 1,48,140. கையில் மிஞ்சும் 13,500 ரூபாய் எதிர்பாராத செலவுக்கு. 2026 மார்ச்ல போகலாம். போனஸ் வரலைன்னா? பயணம் நாலு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். லோன் ஆப்பை டெலீட் பண்ணச் சொன்னேன், என் முன்னாடியே பண்ணினார்.

மார்ச் ஏன்னா, ஜூன், டிசம்பர் ரெண்டும் அங்கே பள்ளி விடுமுறை, ஏப்ரல், மே நம்ம ஊர் விடுமுறை. டிக்கெட் எகிறும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். சீனப் புத்தாண்டு நாட்களில் கடைகள் பாதி மூடியிருக்கும். டிக்கெட்டை டிசம்பர்லயே, தீபாவளி போனஸ்ல போட்டுடணும். ஆர்டி முதிர்ற வரைக்கும் காத்திருந்தா விலை ஏறிடும். ஓட்டலை இலவசமா ரத்து பண்ணக்கூடிய வகையில் புக் பண்ணினா பணம் பிறகு கொடுத்தா போதும்.

12,000 ரூபாயில் என்ன பார்க்கலாம்?

ஆளுக்கு 85 டாலர். ஒரு பெரிய டிக்கெட், ஒரு சின்ன டிக்கெட். மத்ததெல்லாம் இலவசமா இருக்கணும். சிங்கப்பூர்ல இது கஷ்டமே இல்லை. சொல்லப்போனா அந்த ஊரோட நல்ல பாதி இலவசம்தான்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸை முதல்லயே அடிச்சுட்டேன். மூட்டு வலி உள்ள அம்மாவை வரிசையில் நிக்க வச்சு, அவங்க ஏறவே போகாத ராட்டினத்துக்குப் பணம் கட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய டிக்கெட் கார்டன்ஸ் பை த பே கண்ணாடி மாளிகைகளுக்கு: உள்ளே ஏசி, லிஃப்ட், உட்கார இடம் எல்லாம் உண்டு. சின்ன டிக்கெட் சிங்கப்பூர் ஆற்றில் படகு சவாரிக்கு.

முதல் நாள் இறங்கினதும் எம்ஆர்டி ரயில்ல லிட்டில் இந்தியா. செராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில், ராத்திரி டிபனுக்கு 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸ். அம்மாவுக்கு முதல் நாள் ஊர் பழகிடும். அடுத்த நாள் பகல்ல மெர்லயன், மதியத்துக்கு மேல கண்ணாடி மாளிகைகள், வெளியே வந்தா இரவு 7:45க்கும் 8:45க்கும் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி, இலவசம். மூணாவது நாள் சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827ல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல போட் கீ. ஒரு காலத்துல சரக்குப் படகுகள் நெருக்கியடிச்சு நின்ன கரை அது, நம்ம ஊர்க்காரங்களும் மூட்டை தூக்கின இடம். படகு சவாரியை அன்னிக்கு வச்சுக்கலாம்.

நாலாவது நாள் ஹார்பர்ஃபிரண்ட். விவோசிட்டி மாலிலிருந்து செந்தோசா தீவுக்கு நடைபாதை இருக்கு. நடந்து போனா நுழைவு இலவசம், பக்கத்துலயே பெரிய பயணக் கப்பல்கள் நிக்கிறதைப் பார்க்கலாம். ஐந்தாவது நாள் மெரினா பராஜ். 2008ல் திறந்த அணை. அதன் கூரை முழுக்கப் புல்வெளி, அம்மாவை உட்கார வச்சுட்டுக் கடலைப் பார்த்தா வரிசையா நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள் தெரியும். உலகத்தின் மிக பிஸியான துறைமுகங்கள்ல ஒண்ணு அது. இங்கேதான் அந்த ஊர் ஏன் பணக்கார ஊர்னு புரியும். ஆறாவது நாள் பொட்டானிக் கார்டன்ஸ் (2015லிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய இடம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்), சாயங்காலம் முஸ்தபா. ஏழாவது நாள் சாங்கி ஜுவல் நீர்வீழ்ச்சி, விமானம்.

ஒரு நாளைக்கு ஒரு நீண்ட நடைதான், அதுக்கு மேல வேண்டாம். மதியம் ரூமுக்கு வந்துடணும், புழுக்கம் சேலத்தைவிட மோசம். சாப்பாடு ஹாக்கர் சென்டர்லயே. உணவகத்து மெனுவில் விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருந்தா, 10% சர்வீஸ் சார்ஜும் 9% ஜிஎஸ்டியும் தனி. டெக்கா சென்டர்ல அந்தத் தொல்லை இல்லை.

வரி பக்கம்

தம்பி கேட்ட முதல் சந்தேகம்: "எல்டிஏ க்ளெய்ம் பண்ணலாமா?" முடியாது. எல்டிஏ விலக்கு இந்தியாவுக்குள்ள பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருந்தா மட்டும்.

அடுத்தது டிசிஎஸ். ஐடி கம்பெனி இல்லைங்க, மூலத்தில் வசூலிக்கும் வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா 2025-26ல் 10 லட்சம் வரை 5% இருந்தது. அந்த 1,90,000 பேக்கேஜுக்கு 9,500 ரூபாய் கூடுதலா கட்ட வேண்டியிருந்தது. ஏஜென்ட் இதை விளம்பரத்துல சொல்ல மாட்டார். டிக்கெட்டைத் தனியா, ஓட்டலைத் தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜ் ஆகாது, இந்த டிசிஎஸ் கிடையாது. ஃபாரெக்ஸ் கார்டில் ஏத்துற பணத்துக்கும் வருஷத்துக்கு 10 லட்சம் வரை இல்லை.

ஏற்கனவே பேக்கேஜ் வாங்கிட்டீங்களா? பயப்பட வேண்டாம், டிசிஎஸ் போன பணம் இல்லை. உங்க பான் எண்ணில் வந்து நிக்கும், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ரீஃபண்ட் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. 2024 அக்டோபரிலிருந்து அதுக்கான படிவத்தை ஹெச்ஆர் கிட்ட கொடுத்தா, அந்தத் தொகையைக் கணக்கில் எடுத்து உங்க சம்பள டிடிஎஸ்ஸைக் குறைப்பாங்க. இதைப் பல ஹெச்ஆருக்கே நான் போன்ல விளக்கியிருக்கேன்.

இன்னொண்ணு. தனக்கோ மத்தவங்களுக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணியே ஆகணும். ரிட்டயர்டான அப்பா தன் சேமிப்பில் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போற வீடுகள்ல இதைக் கவனிங்க.

அங்கே செலவு பண்ண சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்ச்சா பல கார்டுகள்ல 3.5% மார்க்அப், அது மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 4.13%. 60,000க்கு 2,478 ரூபாய், ரெண்டு பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் போதும். கடையில் மெஷின் "ரூபாயா, சிங்கப்பூர் டாலரா"ன்னு கேட்டா எப்பவும் டாலரையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா கடைக்காரரோட மாற்று விகிதம் உங்க தலையில் விழும்.

விசா அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியா எடுக்கணும், அரசுக் கட்டணம் 30 டாலர். அங்கே குடியுரிமையோ பிஆரோ உள்ள சொந்தக்காரர் இருந்தா அவரே ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். வருகை அட்டையை, போய்ச் சேர்றதுக்கு முந்தைய மூணு நாளுக்குள்ள, குடிநுழைவுத் துறை தளத்துல நிரப்பணும். அது இலவசம். பணம் கேட்டா அது போலித் தளம்.

முஸ்தபாவில் தங்கம் வாங்கலாமான்னு அம்மா கேட்டாங்களாம். கஸ்டம்ஸில் நகைக்கான தனிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டில் இருந்துட்டுத் திரும்புறவங்களுக்கு. ஒரு வாரம் போய்வர்றவங்களுக்கு இல்லை. 5,000 ரூபாய் ஷாப்பிங் பட்ஜெட்ல தங்கம் எங்கே வாங்கறது, அது வேற கதை.

அன்னிக்கு ராத்திரியே ஆர்டி தொடங்கின ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். முதல் தவணை 9,800. கீழே ஒரு வரி: "அம்மா இப்பவே பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்தாச்சு அண்ணா."