பாடம் 9: வானில் ஒரு வேலை

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வேலைக்காகப் பலர் தினமும் ரயிலில் பெங்களூர் போகிறார்கள்.

எங்கள் லைனில் ஒரு பெண். பி.யூ.சி. படித்தவள். விமானப் பணிப்பெண் வேலைக்கு மனுப் போட்டாள்.

ஒருவன் வந்தான். ஒரு கடிதத்தைக் காட்டினான். "இருபதாயிரம் கொடுங்கள். வேலை உறுதி" என்றான்.

அம்மா தோட்டைக் கழற்றினார். பிறகு யோசித்தார். "இன்னும் தேர்வே நடக்கவில்லை. அதற்குள் வேலைக் கடிதமா? பணத்துக்கு ரசீது தருவாயா?" என்று கேட்டார். அவன் நழுவிவிட்டான்.

ஏர் இந்தியா, இண்டிகோ போன்ற கம்பெனிகள் வேலை தரப் பணம் கேட்பதில்லை.

தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

* உயரம். பெண்களுக்குப் பெரும்பாலும் 155 சென்டிமீட்டர் வேண்டும்.
* வெளியே தெரியும் பச்சை குத்தியிருக்கக் கூடாது.
* ஆங்கிலத்தில் தெளிவாகப் பேச வேண்டும்.
* கோபக்காரரிடமும் பொறுமை வேண்டும்.

சாப்பாடு கொடுப்பது மட்டும் இந்த வேலை அல்ல. ஆபத்தில் பயணிகளைக் காப்பதே முதல் கடமை. 1986இல் கராச்சியில் ஒரு விமானம் கடத்தப்பட்டது. பயணிகளைக் காத்து நீரஜா பானோட் உயிர் கொடுத்தார். அரசு அவருக்கு அசோகச் சக்கர விருது அளித்தது.

அந்தப் பெண் இப்போது தினமும் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறாள். அம்மாவின் காதில் தோடு இருக்கிறது.

பதில் சொல்லுங்கள்:

1. அம்மா கேட்ட இரண்டு கேள்விகள் எவை?
2. விமானப் பணிப்பெண்ணின் முதல் கடமை எது?