பட்டணம் புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் கூறிவைத்த பழமொழி. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம். பட்டணம் போவது தவறன்று. கணக்கின்றிப் போவதே தவறு. கையில் உள்ள சேமிப்பு சிறிதாயின், திட்டம் அதற்கேற்ப நுணுக்கமாக அமைய வேண்டும். தைப்பிங் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை ஆராய்வோம்.

இடம்பெயர்தல் புதிதன்று

தைப்பிங் நகரமே இடம்பெயர்ந்தோரால் உருவான நகரமாகும். ஈயம் தேடி வந்த சீனத் தொழிலாளர்கள் லாருட் பகுதியில் குடியேறினர். அவர்களுடைய கூட்டத்தாருக்கிடையே மூண்ட பூசல்கள் 1874ஆம் ஆண்டில் ஓய்ந்தபின், அவ்வூருக்கு நிலைத்த அமைதி எனப் பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வழங்கலாயிற்று. 1937ஆம் ஆண்டில் ஈப்போ தலைநகராகும் வரை பேராக் மாநிலத்தின் தலைநகராக விளங்கியதும் இதுவே. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாளன்று தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்பாதை இன்று இல்லை. கோலா செப்பெத்தாங் என வழங்கும் அவ்வூரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கின்றது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அந்நாளிலேயே நம்மவர் அப்பாதையைப் பயன்படுத்தினர் என்பதற்கு அதுவே சான்று.

பால்மரமும் இம்மண்ணுக்குக் குடிவந்ததே. 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட மரங்களுள் ஒன்று தைப்பிங்கிற்கு அண்மையிலுள்ள கோலாகங்சாரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அம்மரத்தை நம்பி நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தனர். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்து பலர் திகைத்து நின்றனர். அந்நிலையைக் கண்டே, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணமே பின்னர்த் தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. சிறு சேமிப்பும் திட்டமும் சேர்ந்தால் பெரும்பயன் விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வேலையும் வீடும் ஒன்றாக இருப்பது

தோட்டத்து வாழ்க்கையின் தனித்தன்மை யாது? வேலை எங்கோ அங்கேயே வீடு. வீட்டிற்கு வாடகை பெரும்பாலும் இல்லை. கொல்லையில் முருங்கையும் கீரையும் உண்டு. சில தோட்டங்களில் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகையும் உண்டு. இவற்றிற்கெல்லாம் விலை போட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆதலின், பட்டணத்துச் சம்பளத்தைத் தோட்டத்துச் சம்பளத்துடன் ஒப்பிடுகையில், பட்டணம் மிக உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. அத்தோற்றம் பாதி உண்மையே.

மழைநாளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் தைப்பிங்கும் ஒன்று. தோட்டத்தில் மரம் நனைந்தால் அன்று வெட்டில்லை. தொழிற்சாலையில் மழையால் வேலை நிற்பதில்லை. ஆனால் மழையிலும் நேரம் தவறாது சென்று சேர வேண்டும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரம் பட்டணத்தில் ஒரு செலவாகின்றது.

முதல் கணக்கு: கைக்கு வருவது எவ்வளவு?

குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஐவருக்கும் குறைவான தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்தலாயிற்று. இச்சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோ, வேலை காப்புறுதி ஆகியவற்றிற்கும் சிறு தொகை பிடிக்கப்படும். ஆகவே கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி என்று கொள்வதே பாதுகாப்பு.

வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேற்படாமல் வேலை வாங்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. சாதாரண நாளில் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். 1,700 வெள்ளிச் சம்பளத்திற்கு ஒரு மணி நேரக் கூலி 8 வெள்ளி 17 காசு. மிகைநேரத்திற்கு ஏறக்குறைய 12 வெள்ளி 26 காசு. ஆயினும் குடும்பச் செலவை மிகைநேரக் கூலியின்மீது கட்டுதல் கூடாது. தொழிற்சாலைக்கு வரும் பணிகள் குறைந்தால் முதலில் நிற்பது மிகைநேரமே. வாடகையோ நிற்பதில்லை.

இரண்டாம் கணக்கு: முதல் 37 நாள்

மாதத்தின் முதல் நாள் வேலையில் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் எப்போது கிடைக்கும்? சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே முப்பது நாள் மாதத்தில் 37 நாட்கள் வரை சேமிப்பைக் கொண்டே வாழ நேரலாம். பட்டணம் சென்று இடர்ப்படுவோரில் பலர் இந்த 37 நாட்களை எண்ணாதவர்களே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் பால் வெட்டுகின்றனர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். சேமிப்பு 3,000 வெள்ளி. கணவனுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை கிடைக்கின்றது. கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உண்மை விலையை நேரில் விசாரித்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

குடும்பம் முழுவதும் உடனே செல்வதாயின், வீட்டு வாடகை 500 வெள்ளி என்று கொள்வோம். வீட்டுக்காரர்கள் இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சாரம், தண்ணீருக்கான முன்பணமாகவும், முதல் மாத வாடகையை முன்கூட்டியும் கேட்பது வழக்கம். அது மூன்றரை மாத வாடகை. அதாவது 1,750 வெள்ளி. நால்வருக்கு நாளொன்றுக்கு 30 வெள்ளி வீதம் 37 நாள் உணவு 1,110 வெள்ளி. வேலைக்குப் போய்வர 160 வெள்ளி. லாரிக்கூலியும் வீட்டுச் சாமான்களும் 300 வெள்ளி. பள்ளிச் செலவு 150 வெள்ளி. மொத்தம் 3,470 வெள்ளி. சேமிப்பு 3,000 வெள்ளியே. முதல் சம்பளம் வருமுன்னரே 470 வெள்ளி கடன்!

கணவன் மட்டும் முதலில் செல்வதாயின், 250 வெள்ளிக்கு ஓர் அறை. முன்பணங்கள் உட்பட 875 வெள்ளி. நாளொன்றுக்கு 15 வெள்ளி வீதம் உணவு 555 வெள்ளி. போக்குவரத்து 160 வெள்ளி. பாய், அடுப்பு முதலியன 100 வெள்ளி. மொத்தம் 1,690 வெள்ளி. கையில் 1,310 வெள்ளி மிஞ்சும். மனைவி தோட்டத்தில் வேலை செய்வதால் அடுப்பு அணைவதில்லை. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படுவதில்லை. ஆனால் வீடு யார் பெயரில் கொடுக்கப்பட்டுள்ளது, கணவன் விலகினால் மனைவியின் வேலையைக் கொண்டு அவ்வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்பதைத் தோட்ட அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி விலகல் கடிதம் கொடுத்தல் ஆகாது.

மூன்றாம் கணக்கு: குடும்பம் எப்போது சேரலாம்?

தனியே இருக்கும் கணவனின் மாதச் செலவு: அறை 250, உணவு 450, போக்குவரத்து 130, மின்சாரமும் தண்ணீரும் கைத்தொலைபேசியும் 100, ஆக 930 வெள்ளி. மீதி 570 வெள்ளியில் 270 வெள்ளியை வீட்டுக்கு அனுப்பி, 300 வெள்ளியைச் சேமித்தால், ஆறு மாதத்தில் 1,800 வெள்ளி சேரும். முன்னர் மிஞ்சியதையும் கூட்டினால் 3,110 வெள்ளி.

இப்போது குடும்பத்தை அழைக்கலாமா? பொறுங்கள். நால்வர் வாழும் மாதச் செலவு, வாடகை 500, உணவு 900, போக்குவரத்து 130, மின்சாரம் முதலியன 200. ஆக 1,730 வெள்ளி. கைக்கு வரும் சம்பளமோ 1,500 வெள்ளி. மாதந்தோறும் 230 வெள்ளி குறையும். சேமிப்பு எவ்வளவு இருப்பினும் அது கரைந்தே தீரும். ஆகவே மனைவிக்கும் பட்டணத்தில் வேலை உறுதியான பின்னரே குடும்பம் சேர வேண்டும். சிறு குழந்தை இருப்பின், அதனைப் பார்த்துக்கொள்வோருக்குக் கொடுக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குடிபெயர்தல் கணவனின் முடிவு மட்டுமன்று. இருவர் சம்பளத்தையும் பொறுத்த இருவர் முடிவு.

விலகுவதற்கு முன் உரிமையை அறிக

தோட்டம் விற்கப்படப் போகிறது, மூடப்படப் போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் அவசரப்பட்டு விலகுவோர் உளர். இது பெரும் இழப்பில் முடியலாம். 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க உதவித்தொகை விதிகளின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி ஆட்குறைப்பினால் நீக்கப்பட்டால் உதவித்தொகை பெறுவார். இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் இருபது நாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம்! முன்னறிவிப்புக் காலமும் உண்டு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு எட்டு வாரத்திற்குக் குறையலாகாது. தாமாக விலகியவருக்கு இவ்வுதவித்தொகை இல்லை. தோட்டத்தை வாங்கிய புதிய உரிமையாளர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்து, தக்க காரணமின்றி மறுத்தவருக்கும் இல்லை.

சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், தகுதியுடையோர் வேலை தேடும் காலத்திற்கு உதவித்தொகை பெறலாம். அதுவும் தாமாக விலகியோருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே கடிதத்தில் கையெழுத்திடுமுன் தொழிற்சங்கத் தலைவரையோ, தொழிலாளர் இலாகாவையோ கலந்து ஆலோசித்தல் கடமையாகும்.

பணம் போதாவிட்டால்?

2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சேமநிதிச் சந்தா மூன்றாகப் பிரிக்கப்படுகின்றது. நூற்றுக்கு 75 பங்கு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 பங்கு நல்வாழ்வுக் கணக்கிலும், 10 பங்கு நெகிழ்வுக் கணக்கிலும் சேரும். நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமாயினும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடுதல் ஆகாது. வைப்புத்தொகை போன்ற ஒருமுறைச் செலவுக்கு அதனை நாடலாம். தொலைக்காட்சி வாங்க நாடலாகாது.

நம்மிடையே கூட்டு பிடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கூட்டு நிதி நடத்துவதை ஒரு வாணிபமாகக் கொள்வது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. பணத்தோடு ஒருவர் மறைந்தால் தேடித் தருவார் எவரும் இரார். உரிமமின்றி வட்டிக்கு விடும் ஆலோங்குகளிடம் செல்வது அதனினும் கொடிது. உரிமம் பெற்றவர் பிணையற்ற கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வட்டி வாங்கலாகாது. மாதத்திற்கே அவ்வளவு கேட்பவர் யார் என்பதை நீங்களே உணரலாம். 470 வெள்ளிக் குறையை அவரிடம் நிரப்பிக்கொண்டவர், பட்டணத்துச் சம்பளம் முழுவதையும் அவருக்கே கட்ட நேரலாம்.

சென்ற பின் செய்ய வேண்டியவை

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, முத்திரைத் தீர்வை செலுத்தி, கொடுத்த பணத்திற்கெல்லாம் ரசீது பெற வேண்டும். சுவரிலும் கூரையிலும் உள்ள பழுதுகளைக் குடிபுகும் நாளிலேயே கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால், பின்னாளில் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவது எளிதாகும். தைப்பிங்கில் வீடு பார்ப்போர் நல்ல மழைநாளில் சென்று பார்ப்பது அறிவுடைமை. ஒழுகும் கூரையும் நிரம்பும் சாக்கடையும் அன்று தாமே வெளிப்படும். அடையாள அட்டையில் முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தை மாவட்டக் கல்வி இலாகாவில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சம்பளச் சீட்டை மாதந்தோறும் பத்திரப்படுத்தி, சேமநிதிப் பணம் உண்மையில் கட்டப்பட்டுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்க

1. நம் சேமிப்பு 37 நாட்களுக்குப் போதுமா?
2. மிகைநேரக் கூலி இன்றி மாதச் செலவு அடங்குமா?
3. இருவருக்கும் வேலை உறுதியா? குழந்தையைப் பார்ப்பவர் யார்?
4. இன்று விலகினால் நாம் இழக்கும் உதவித்தொகை எவ்வளவு?
5. ஒருவேளை வேலை நிலைக்காவிடில், திரும்பிவர வழிச்செலவும் இடமும் உண்டா?

இவ்வைந்து வினாக்களுக்கும் ஒரு தாளில் விடை எழுதிப் பாருங்கள். ஐந்துக்கும் ஆம் என்று சொல்ல இயன்றவர் துணிந்து புறப்படலாம். இயலாதவர் இன்னும் ஆறு மாதம் பொறுத்துச் சேமிக்கலாம். பட்டணம் எங்கும் ஓடிவிடாது. விடியலில் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து சேர்த்த பணம், ஒரு மாத அவசரத்தில் கரைந்து போகாதிருத்தல் வேண்டும்.