பிள்ளைகள் கையில் ஒரு வகுப்பறை

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பும் உன் பொறுப்பில் வரப்போவதாக எழுதியிருந்தாய். ஈராசிரியர் பள்ளி என்றால் பல ஊர்களில் இப்படித்தான். பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியில் நிறையச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் வேலையில் சேர்பவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் பாடம் அல்ல. பென்சில் சீவ ஒருவன் எழுந்து வருவான், ‘டீச்சர், ஒன்னுக்கு’ என்று இன்னொருத்தி விரலை நீட்டுவாள், அழிப்பான் யாருடையது என்று மூலையில் சண்டை நடக்கும். இதற்கிடையே வருகைப் பதிவு, நோட்டு விநியோகம், சத்துணவுக் கணக்கு. காலை இப்படியே கரைந்துவிடும்.

இந்தச் சலசலப்புக்கு நடுவிலும் பதறாமல் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய வேலை எதையும் அவர்கள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதில்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல், மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான முறை அதற்கு அடிப்படை. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பங்காகக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவரவர் வரைந்த படங்கள் தொங்கின. தங்கள் வருகையையும் பிள்ளைகளே பதிந்தார்கள்.

அந்தச் சுயவருகைப் பதிவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார். உள்ளே நுழையும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனாலும் சுவரில் இருக்கும் முப்பது பெயர்களில் தன் பெயரைத் தேடிப் பிடித்து, அன்றைய தேதிக்கு நேரே ஒரு குறி போட வேண்டும். முதல் வாரம் டீச்சர் விரலைப் பிடித்துக் காட்டுவார். சில வாரங்களில் தன் பெயரின் முதல் எழுத்தே பக்கத்துத் தோழியின் பெயரிலும் இருப்பதை அது கண்டுபிடித்துவிடும். வாசிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. டீச்சருக்கும் லாபம்: பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்காமல், வருகிற முகங்களைப் பார்க்கலாம். யார் காய்ச்சலோடு வந்திருக்கிறார்கள், யார் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அலுவலகப் பதிவேட்டைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. நாளை வேறு பெயரில் வேறொரு திட்டம் வரலாம். எது வந்தாலும் ஒரு குழுவோடு டீச்சர் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் தாமாக வேலை செய்தால்தான் வகுப்பு நடக்கும். அதனால் திட்டக் கையேட்டை விரிப்பதற்கு முன்பே வகுப்பின் அன்றாடப் பழக்கங்களைப் படியவைத்துவிட வேண்டும்.

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களை அதற்கென்றே ஒதுக்குவதில் தவறே இல்லை. ஒரே நாளில் பத்து விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டினால் ஒன்றும் நிற்காது. செருப்பை வரிசையாக விடுவதை ஒரு நாள் டீச்சர் செய்து காட்டலாம், மறுநாள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம், மூன்றாம் நாள் தள்ளி நின்று பார்க்கலாம். அது பழகிய பிறகு நோட்டு விநியோகம், அதன் பிறகு தட்டு கழுவும் வரிசை. வெளியே போய்வர ஒரு அட்டையை ஆணியில் மாட்டி வைத்தால் போதும். அட்டை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் போனவர் வரும்வரை காத்திருக்கலாம். அவசரம் என்று நெளியும் பிள்ளைக்கு மட்டும் இந்த விதி கிடையாது. ஒன்றாம் வகுப்பில் இதில் கண்டிப்பு காட்டவே கூடாது.

‘சைலன்ஸ்!’ என்று கத்துவதற்கும் மாற்று உண்டு. டீச்சர் இரண்டு தட்டு தட்டினால் பிள்ளைகள் மூன்று தட்டுத் தட்டிக் கையைக் கட்ட வேண்டும். கடைசிப் பிள்ளை திரும்பும்வரை டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. இதில்தான் பலர் பொறுமை இழந்துவிடுகிறார்கள். பாதி வகுப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே அறிவிப்பைத் தொடங்கினால், தட்டு கேட்டாலும் பேச்சைத் தொடரலாம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது வகுப்புத் தலைவர். பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் ‘லீடர்’ பல வகுப்புகளில் இன்னும் இருக்கிறார். அந்த வழக்கத்தை நீ தொடரவே வேண்டாம். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்குக் காவலாள் ஆக்குவது இருவருக்கும் கெடுதல். அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குடம், சாக்பீஸ் டப்பா, புத்தக மூலை, மின்விசிறி சுவிட்ச் என்று சின்னச் சின்னப் பொறுப்புகளை வாரத்துக்கு ஒருவராக மாற்றிக் கொடுக்கலாம். சுவரில் பொறுப்பின் படமும் பக்கத்தில் பெயர் அட்டையும் இருந்தால், ‘டீச்சர், இன்னைக்கு யாரு?’ என்ற கேள்வி வராது.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதன் வரலாறும் சென்னையோடு சேர்ந்ததுதான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789 முதல் எழும்பூரிலிருந்த ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியைக் கவனித்துவந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் எழுத்துகளைக் கற்பித்துக் காட்டினான். இதைப் பற்றி 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூலிலிருந்து ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே செய்துவந்த வேலைதான் அது. மலிவாக நிறையப் பேருக்குக் கற்பிக்கும் வழியாக மட்டும் அதைப் பார்த்ததால், மனப்பாடமும் ஒப்பித்தலுமாக அது இறுகிப்போனது. உன் வகுப்புக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். ‘சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருக்கும் மூன்று பேரைக் கேள், பிறகு டீச்சரிடம் வா’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசித்துக் காட்டுவதும் இதே வகைதான்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களில் வந்த ஆய்வு இது. செலவே இல்லாத முறை. ஐஸ் குச்சிகளில் எல்லாப் பெயரையும் எழுதி ஒரு டம்ளரில் போட்டு வை. கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணு. பிறகு ஒரு குச்சியை எடு. முதலில் குச்சியை எடுத்துப் பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதெல்லாம் முதல் நாளே சரியாக நடக்காது. வக்கீல் தொழிலை விட்டுக் குஜராத்தின் பாவ்நகரில் ஆசிரியரானவர் கிஜுபாய் பதேக்கா. 1920இல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கியவர். பிள்ளைகள் அவரை ‘மீசைக்கார அம்மா’ என்று கூப்பிட்டார்கள். அவர் எழுதிய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் திட்டம் போட்டு வந்து முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்துகிறார். வகுப்பு அமளிதுமளி ஆகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், பிள்ளைகள் நெருங்கி வந்து உட்காருகிறார்கள்.

அந்தக் கதைக்கு உன் நாளிலும் ஓர் இடம் கொடு. கடைசி இருபது நிமிடத்தில் பாதியை அறையைக் கூட்டவும், புத்தகங்களை அடுக்கவும், நாளைய தேதியைப் பலகையில் எழுதவும் பிள்ளைகளிடம் விட்டுவிடு. மீதிப் பத்து நிமிடம் கதை. சீக்கிரம் அடுக்கினால் கதை நீளும் என்பது நாலைந்து நாளில் அவர்களுக்கே தெரிந்துவிடும். வகுப்பு நூலகத்துக்குப் புத்தகங்கள் தேவைப்பட்டால் எழுது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா