ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்

“தண்ணீர் தேங்குதா? கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க, போயிடும்!”

போகாது. குளியலறையில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது தலைமுடியும் சோப்பு அழுக்கும் சேர்ந்த உருண்டை. பாத்ரூம் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முடியை அவ்வளவு லேசில் கரைக்காது, சிமெண்டைத்தான் அரிக்கும். அடைப்பு அப்படியே இருக்க, டைல்ஸ் இடுக்கில் பூசிய ஒயிட் சிமெண்ட் கரைந்து, அதன் வழியே கீழ்வீட்டுக் கூரை நனையத் தொடங்கும். அதே தரையில் பிளீச்சிங் பவுடரும் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவருக்கு அது உயிராபத்து.

ஜாலியைக் கழற்றி, கையுறை மாட்டிக்கொண்டு, வளைத்த கம்பியால் முடியை இழுத்தெடுங்கள். அருவருப்பான வேலைதான், சீக்கிரம் முடிந்துவிடும். கொதிக்கும் நீரையும் ஊற்ற வேண்டாம், பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். வீட்டின் எல்லா வடிகாலும் ஒரே சமயத்தில் மந்தமானால் கோளாறு குளியலறையில் இல்லை, வெளியே சேம்பரில்.

“ஈரம் தெரியிற இடத்துலதான் ஓட்டை.”

இந்த நம்பிக்கையால் வீணாக உடைபட்ட சுவர்கள் ஏராளம். தளத்தைத் தாழ்த்தி, செங்கல் ஜல்லி நிரப்பி டைல்ஸ் ஒட்டிய குளியலறையில், ஒரு மூலையில் கசிந்த நீர் எதிர்மூலையில் எட்டிப்பார்க்கும். உளியைத் தொடுமுன் சில நாள் அங்கே யாரும் குளிக்காமல் இருங்கள். கேட் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். ஈரம் அப்போதும் பரவினால், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் கன்சீல்டு பைப்பைச் சந்தேகிக்கலாம். காயத் தொடங்கினால் கழிவுக் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ பார்க்க வேண்டும்.

“பிளஷ் டேங்க் ஒழுகினா சத்தம் கேட்குமே?”

ஓசையே இல்லாமலும் ஒழுகும். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தொட்டியில் கலந்து அரைமணி நேரம் பிளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது.

“சொட்டுற குழாயை இறுக்கித் திருகினா நின்னுடும்.”

இன்றைக்கு நிற்கும். இறுக்க இறுக்க வாஷர் நைந்து, பிறகு கூடுதலாகச் சொட்டும். நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தாலும் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல். புது வாஷருக்கு ஆகும் செலவோ சில ரூபாய்தான்.

“ஊருக்குப் போய் வந்தா பாத்ரூம் நாறுது, அடைப்புதான்.”

தரை வடிகாலின் அடியிலுள்ள நானி டிராப்பில் தேங்கி நின்று வாடையைத் தடுக்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். அப்புறமும் நாறினால் பிளம்பரைக் கூப்பிடலாம்.